மண் ஈரமாய் இருக்கும்போதே

மாசியில் உண்ணிச்செடி பிடுங்க ஆள் இறக்கினால் கையோடு வருவது தண்டுதான். வேர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கூடலூரிலிருந்து மசினகுடி வரை எந்த ஆதிவாசி ஊரில் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் களை அகற்றும் வேலைக்கான பணம், நான் பார்த்த வரையில், பெரும்பாலும் மாசியில்தான் வந்து சேர்ந்தது. மார்ச் 31க்குள் வேலையை முடித்து, அளவெடுத்து, பட்டியல் அனுப்பியாக வேண்டும். வனக்காப்பாளராகச் சேர்ந்து வனச்சரகராக ஓய்வுபெற்றவன் நான். முதுமலையில் நான் மேலதிகாரிகளிடம் வாதாடியதில் பாதி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: மண் ஈரமாய் இருக்கும்போது ஆளும் கூலியும் வேண்டும்.

முதுமலை 1940இல் சரணாலயமானது. 2007இல் புலிகள் காப்பகமானது. மொத்தப் பரப்பு 688 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. இந்தக் காட்டுக்குள் ஒரே மழை கிடையாது. மேற்கே பென்னை, கார்குடிப் பக்கம் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே உயரமான மரங்கள், மூங்கில், நடுநடுவே சேறும் புல்லுமாக வயல்கள். அங்கிருந்து கிழக்கே போகப் போக மழை குறையும். மசினகுடியைத் தாண்டிச் சீகூர் பள்ளத்தாக்கில் இறங்கினால் முட்காடு. மேற்கில் பெய்வதில் பாதி மழைகூட அங்கே இல்லை. அதுவும் பெரும்பாலும் புரட்டாசிக்குப் பிறகு வருவது. ஆகவே களை பிடுங்கும் மாதமும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க முடியாது. கார்குடியில் ஆவணியிலேயே கூட்டம் கூட்டமாக ஆள் இறங்கலாம். சீகூரில் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். ஒரே உத்தரவில், ஒரே தேதி போட்டு, எல்லாச் சரகத்திலும் வேலை ஆரம்பிப்பது இந்தக் காட்டில் நடக்காத காரியம்.

உண்ணிச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் பல வகைகளைக் கலந்து அழகுச் செடியாக வளர்த்தார்கள். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. வேலிக்கும் பூவுக்கும் என்று நட்டார்கள். அங்கிருந்து பறவைகள் எடுத்துக்கொண்டு போயின. புலிக் கணக்கெடுப்பின்போது திரட்டிய தகவல்களை வைத்து இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இந்தியக் காடுகளில் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டரில் இந்தச் செடி இருக்கிறது என்றார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் பராமரித்துவரும் 50 ஹெக்டேர் ஆய்வுத் திடல் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. 1990க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி அந்தத் திடலுக்குள் எப்படிப் பரவியது என்பதையும் அவர்கள் பதிந்திருக்கிறார்கள். நாங்கள் ரோந்தில் கண்ணால் கண்டது அங்கே எண்ணாக இருக்கிறது.

புல் போய்விடுகிறது என்பதுதான் அடிப்படைச் சேதம். உண்ணிப் புதர் இடுப்பளவு, பிறகு ஆளுயரம், மரத்தைப் பிடித்தால் அதற்கும் மேல் ஏறும். அடியில் வெளிச்சம் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் வேலை இல்லை. இலையில் நச்சு இருக்கிறது. பட்டினியில் தின்ற மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்து உரிவதை மசினகுடியில் கண்டிருக்கிறேன். கோடையில் தீ பிடித்தால் காய்ந்த புதர் வழியாக நெருப்பு ஏணி ஏறுவதுபோல மரத்தின் தலைக்குப் போய்விடும். எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது பாதையோரத்துப் புதர்தான். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புதருக்கு அந்தப்பக்கம் நிற்கும் யானை தெரியாது. ஊரைச் சுற்றியும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலும் இருபுறமும் முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் காட்டுக்குள் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

இனி வேர் விஷயம். இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த வேலையும் இரண்டு விரற்கடை ஆழத்தில் இருக்கிறது.

உண்ணிச்செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கொஞ்சம் புடைத்திருக்கும். தண்டு முடிந்து வேர் தொடங்கும் அந்தப் பகுதியில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்கு மேலே எங்கே வெட்டினாலும் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு வரும். அதற்குக் கீழே ஆணிவேரை வெட்டிவிட்டால் உள்ளே தங்கும் வேருக்குத் துளிர்க்கும் சக்தி இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். இப்போது இந்தியா முழுக்க வனத்துறைகள் சொல்லும் 'வேரடி வெட்டு' அதுதான். அந்த ஆய்வுக் கட்டுரை என் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பெட்டக்குறும்பர் அம்மா எனக்குச் செய்து காட்டினார். "சார், இதோட கழுத்து மண்ணுக்குள்ள இருக்கு. மேல வெட்டுனா முடி வெட்டுன கணக்குத்தான்" என்றார். காலால் புதரை ஒருபக்கம் சாய்த்து மிதித்துக்கொண்டு, சருகை விலக்கி, குந்தாலியைச் சாய்வாக இறக்கினார். இரண்டாவது போடில் வேர் அறுந்தது. மூன்றாவதற்குத் தேவையே இல்லை. அந்த மண் ஈரமாக இருந்தது.

காய்ந்த மண்ணில் அதே குந்தாலி தெறிக்கும். முதுமலையின் செம்மண் வெயிலில் இறுகிவிட்டால் கடப்பாரையால் குத்தினாலும் பெயராது. ஆள் களைத்துப்போவார், மாலைக்குள் இத்தனை அடி முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லுவார், கத்தியை எடுத்துத் தரையோடு தரையாக வெட்டிக்கொண்டு போவார்கள். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம். கூலியை ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பேசினால் இந்த அவசரம் இன்னும் கூடும். அதனால் என் சரகத்தில் முடிந்தவரை நாள்கூலிக்கு, அதே ஊர்க்காரர்களை வைத்துத்தான் வேலை நடத்தினேன். பரப்பு குறைந்தது. மேலே கேள்வி வந்தது. பதில் எழுதினேன்.

பிடுங்கிய செடியை என்ன செய்வது என்பதும் வேலையில் பாதி. ஈர மண்ணில் படுக்கப்போட்டால் கணுவில் வேர்விட்டு மறுபடி எழும். வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மரத்தடியில் குவிக்கக் கூடாது. மூங்கில் புதர் ஓரத்தில் கூடவே கூடாது. தீக்காலத்தில் அந்தக் குவியல் ஒவ்வொன்றும் மரத்தைக் கொல்லும் அடுப்பாகிவிடும். காய் கருக்கும் முன்பே பிடுங்கியிருந்தால் காய வைத்து விட்டுவிடலாம். கருத்த காயோடு செடியைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம். மழை விழுந்து தளிர்த்து, பூத்து, காய் பச்சையாக இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் நமக்குக் கிடைப்பவை. மண்ணும் இளகியிருக்கும், விதையும் முற்றியிருக்காது.

மாசியில் பணம் வருவதில் இன்னொரு கேடும் உண்டு. மாசி, பங்குனி தீக்காலம். தீத்தடுப்புக் கோடு போடுவதும், கோபுரத்தில் உட்கார்ந்து புகை பார்ப்பதும், ராத்திரி எழுந்து ஓடுவதும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள்தான். களை பிடுங்குகிற ஆதிவாசி ஊர்களிலிருந்து வருகிற அதே ஆட்கள். ஒரே கையில் குந்தாலியையும் தீயை அடித்து அணைக்கும் பச்சைத் தழையையும் கொடுத்தால் இரண்டு வேலையும் கெடும். நிதியாண்டைக் காட்டுக்காக மாற்ற முடியாது, அது எனக்குப் புரியும். ஆனால் களை வேலைக்கான ஒதுக்கீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுத்து, செலவழிக்கும் மாதத்தைச் சரகத்தின் முடிவுக்கு விடலாம். புலிகள் காப்பக அறக்கட்டளைகளுக்கு அப்படிப் பணம் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் பார்த்ததில் நன்றாக நடந்த வேலைகள் அப்படிப்பட்ட பணத்தில் நடந்தவைதான்.

பிடுங்கி முடித்த இடத்துக்கு மறுபடி போவது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திறப்புவிழா இல்லாத வேலை அது. முதல் மழைக்குப் பிறகு அந்த இடத்தில் உண்ணி நாற்றுகள் முளைக்கும். எல்லா இடத்திலும் சமமாக முளைக்காது. சின்னானும் கொண்டைக்குருவியும் மைனாவும் உண்ணிப்பழம் தின்றுவிட்டு வந்து உட்காரும் மரத்தின் கீழேதான் கொத்தாக இருக்கும். தனியாக நிற்கும் ஒரு கருமருதோ நெல்லியோ பட்ட மரமோ, அதன் நிழல் விழும் வட்டத்துக்குள் தேடினால் பெரும்பாலான நாற்றுகள் அகப்பட்டுவிடும். அடுத்தது ஓடைக்கரை, மேலே இருந்து விதை நீரோடு வரும், அதனால் மேலிருந்து கீழாகத்தான் வேலை செய்து வரவேண்டும். விரல் நீள நாற்றை ஈர மண்ணிலிருந்து இரண்டு விரலால் எடுத்துவிடலாம். இரண்டு பெண்கள் ஒரு காலை நேரத்தில் சுற்றி வந்து முடிக்கக்கூடிய வேலை. அதை ஒரு வருடம் விட்டால் நாற்று முழங்கால் உயரம். இரண்டு வருடம் விட்டால் பூ. மூன்று வருடம் விட்டால் செலவழித்த தொகை முழுவதையும் மறுபடி கேட்டு எழுத வேண்டும்.

எங்கள் காவலர்களுக்கு இந்த மரங்களெல்லாம் தெரியும். ரோந்து போகும்போதே குனிந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை. அவர்களில் பலர் இன்னும் நிரந்தரமாகாத தற்காலிகப் பணியாளர்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு காவலர் பத்து வருடம் ஒரே பீட்டில் இருந்தால் அந்தப் பீட்டில் உண்ணிச்செடி குறையும். நான் கண்ணாரக் கண்டது.

உண்ணிச்செடி போன இடம் சும்மா இருக்காது. புல் வரவில்லை என்றால் யூபடோரியம் வரும், பாதையோரமாக இருந்தால் பார்த்தீனியம் வரும். பொக்லைன் விட்டுப் புரட்டிய இடங்களில் இது நிச்சயம். மண்ணைக் கீழ்மேலாக்கினால் முதலில் வருவது களைதான். கொஞ்சம் புல் மிச்சமிருக்கும் இடங்களில் உண்ணியை எடுத்துவிட்டாலே போதும், இரண்டு மழையில் புல் தானாகவே மூடிவிடும். நெடுங்காலம் புதர் மூடிக் கிடந்த இடத்தில் மண்ணுக்குள் புல் விதையே இருக்காது. அங்கே நாம்தான் கொண்டுபோக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் புல் முற்றும்போது பெண்கள் கதிரை உருவிச் சாக்கில் சேர்ப்பார்கள். எந்தப் புல்லை மான் விரும்பும், எதை யானை வேரோடு பிடுங்கி மண்ணைத் தட்டித் தின்னும், எதைக் காட்டெருமை மட்டும் தொடும் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தவர்கள் அவர்கள்தான். தூர் பிரித்து நட்ட புல் விதையைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் நட்ட இடத்தை முதல் மழைக்காலம் முழுக்க முள் வெட்டிப்போட்டு அடைத்துக் காக்க வேண்டும். இல்லையென்றால் புள்ளிமான் கூட்டம் ஒரே இரவில் மேய்ந்துவிடும். மழைக்கு முன் விதைப்பந்து எறிகிற விழாக்களுக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். மர விதை உருண்டைகளை எறிந்தார்கள். அந்த இடத்துக்கு வேண்டியிருந்தது மரமே அல்ல, புல்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் அதிகக் கருத்து வேறுபாடு. மிக அடர்ந்த இடத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அங்கே வேலை செய்தால் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் பளிச்சென்று இருக்கும். ஆனால் அடர்ந்த ஒரு ஹெக்டேருக்கு ஆகும் கூலியில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி உள்ள பெரிய பரப்பைக் காப்பாற்றிவிடலாம். அங்கே புல் இன்னும் இருக்கிறது, விலங்கு இன்னும் வருகிறது, திரும்ப வரும் வேலையும் குறைவு. நல்ல இடம் கெடாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. வயல் ஓரங்கள், நீர்நிலை ஓரங்கள், ஊர்ப்பாதை ஆகியவை அதற்கடுத்து. நடுக்காட்டின் அடர்புதரைக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். அந்தப் புதருக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன. கரடி பகலில் படுக்கும். புலி குட்டிகளை வைத்திருக்கும். வேறு மறைவிடமே மிச்சமில்லாத காட்டில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் அவை எங்கே போகும்? காலடித்தடம் பார்க்காமல், கல் எறிந்து சத்தம் கொடுக்காமல் எந்தப் புதரிலும் எங்கள் ஆட்கள் கத்தி வைத்ததில்லை.

நெருப்பைப் பற்றியும் கேட்பார்கள். பிளிகிரிரங்கன் மலையின் சோளகர்கள், பனி முடிந்த கையோடு தரைச்சருகுக்கு மட்டும் சிறு தீ வைக்கும் வழக்கம் இருந்தவரை உண்ணிச்செடி இந்த அளவுக்கு ஏறவில்லை என்கிறார்கள். 1974இல் அந்த மலை சரணாலயமானது. அதன்பின் தீ வைப்பது குற்றமானது. அவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஆய்வாளர்களும் அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் அதே கதையைச் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் இன்றைக்கு ஆளுயரப் புதர் நிற்கும் காட்டில் அதே தீயை வைத்தால் அது சருகுத் தீயாக நிற்காது. புதரை எடுத்து, புல்லைக் கொண்டுவந்து, அதன்பின் அவர்களையே கேட்டு வைக்க வேண்டிய தீ அது.

மஞ்சக்கொன்னை வேறு கதை. சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்று கோப்புகளில் வரும். மத்திய, தென் அமெரிக்க மரம். வயநாட்டுப் பக்கம் நிழலுக்கும் அழகுக்கும் நட்டார்கள். பூக்கும் காலத்தில் தெப்பக்காடு சாலையில் வண்டியை நிறுத்தி அதன் முன் படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாக்காரர் இல்லை. அந்த மஞ்சளுக்குக் கீழே குனிந்து பார்த்தால் வெறும் தரை. மான் அதன் இலையைத் தொடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் துளிர்க்கும்; வெட்டாமல் விட்டால் நீள நீளக் காய்களில் விதை கொட்டும். உண்ணிக்குப் பிடித்த குந்தாலி இதற்கு ஆகாது. கன்றுகளை மழையில் வேரோடு பிடுங்கிவிடலாம். நடுத்தர மரத்தைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். பெரிய மரத்துக்குப் பட்டை உரிப்பதுதான் வழி: நெஞ்சு உயரத்திலிருந்து தரைக்குக் கீழே வேர்க்கழுத்து வரை, சுற்றிலும், வழவழவென்று உள்மரம் தெரியும்வரை. விரல் அகலப் பட்டை ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தால் மரம் அந்த வழியாகவே பிழைத்துக்கொள்ளும். அடுத்த நாள் வேறொருவர் போய் ஒவ்வொரு மரத்தையும் கையால் தடவிப் பார்த்துவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதற்கும் பருவம் உண்டு. மரத்தில் பால் ஓடும் மழைக்காலத்தில் பட்டை வாழைமட்டைபோல உரியும். கோடையில் கத்தியால் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உரித்த மரம் உடனே சாகாது. இலை உதிர்த்து, மறுபடி கொஞ்சம் தளிர்த்து, மெல்லத்தான் காயும். நின்றபடியே காய்வதால் வெளிச்சமும் மெல்ல மெல்லத்தான் தரைக்கு இறங்கும். அடியில் நம் நாட்டுச் செடிகள் முளைக்க அவகாசம் கிடைக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் களைகள் பற்றித் தொடர்ந்து கேள்வி கேட்டதும், தமிழ்நாடு அரசு 2022இல் இவற்றுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டதும் பெரிய மாற்றங்கள். அதன்பின் மஞ்சக்கொன்னை மரங்களைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கூழுக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடானது.  கிடைக்கும் தொகை காட்டைச் சீரமைக்கவே பயன்பட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் இதை வரவேற்கிறேன். ஆனால் காகித ஆலைக்கு வேண்டியது தடிமரம். அடிக்கட்டையும் கன்றும் நாற்றும் அதற்கு வேண்டாம், காட்டுக்கோ ஆபத்து அவற்றில்தான் இருக்கிறது. லாரி போன பிறகு கட்டையைத் தோண்டவும், அடுத்தடுத்த மழைகளில் முளைப்பதைப் பிடுங்கவும் ஆள் வேண்டும். மரம் ஏற்றும் ஒப்பந்தத்தோடு அந்தக் கூலியும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

உண்ணிக்குச்சியில் யானை செய்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடலூர் சுற்றுவட்டாரத்துப் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் செய்த ஆளுயர, ஆளைத் தாண்டிய யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து பயணம் கிளம்பின. குச்சியைத் தண்ணீரில் வேகவைத்து, பட்டை சீவி, இரும்புக் கூட்டின்மேல் சூட்டோடு வளைத்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த யானைகளையே, அந்த யானையின் நடை, காது மடல் வரை பார்த்துச் செய்கிறார்கள். அந்த ஊர்களில் அதனால் வந்த வருமானத்தை நான் நேரில் பார்த்தவன், அதன் மதிப்பு எனக்குத் தெரியும். காட்டில் நிற்கும் புதரோடு ஒப்பிட்டால் அவர்கள் எடுக்கும் குச்சி மிகச் சொற்பம். நீளமான, நேரான தண்டு மட்டும்தான் அவர்களுக்கு உதவும். ஆகவே குச்சி வெட்டும் இடத்தில் வேரையும் எடுக்கச் சொல்லி, அதற்கும் கூலி கொடுத்தால் இரண்டும் நடக்கும். குச்சிக்கு மட்டும் கூலி என்றால் மறுவருடம் அதே வேரில் இன்னும் நேரான குச்சி கிடைக்கும்.

பணிக்காலத்தில் சில ஆண்டுகள் மேலே முக்கூர்த்திப் பக்கம் இருந்தேன். அங்கே நான் கற்றது, சில மரங்களைத் தொடாமல் விடுவது. சீகை என்று நீலகிரியில் சொல்லும் வாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக வந்து, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழுக்காகவும் பெரும் பரப்பில் நடப்பட்டது. புல்வெளியை வீணாய்க் கிடக்கும் நிலம் என்று நினைத்த காலம். வரையாடும் தோடர்களின் எருமையும் மேய்ந்த புல்வெளி அது. மழையை வாங்கி வைத்துக் கீழே பவானிக்கு அனுப்புகிற நிலம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். முதிர்ந்த தோப்பை ஒரே அடியாக வெட்டி வெயில் விழவைத்தாலோ, தீ பட்டாலோ, அத்தனை விதையும் ஒன்றாக எழும். கால் வைக்க இடமில்லாமல் கன்று நிற்கும். அதேசமயம் சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சீகைத் தோப்புக்குள் போய்ப் பார்த்தால், அந்த நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வந்துகொண்டிருக்கும். அந்தத் தோப்பை விட்டுவிடலாம்; சோலை அதை மெதுவாக எடுத்துக்கொள்ளும். நம் ஆட்களும் பணமும் போக வேண்டியது புல்வெளிக்குள் நுழையும் முனைக்கு, கன்றுகள் முழங்காலளவு இருக்கும் ஓரத்துக்கு. அங்கும் மழையில், மண் இளகியபோது, வேரோடு. பழனி மலையிலும் இதே விவாதம் நெடுநாளாக நடக்கிறது. 'அந்நிய மரம் அனைத்தையும் வெட்டு' என்ற ஒற்றை வரி உத்தரவு மேல்மலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

பூச்சியை விட்டு ஒழிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்ணிச்செடிக்கு 1921இலேயே ஹவாயிலிருந்து ஓர் ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். செடி நிற்கிறது. மருந்தடிப்பதை ஓடையும் மாயாறும் இருக்கும் காப்பகத்தில் நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

ஓய்வு பெறும்போது எனக்குப் பின் வந்தவரிடம் வழக்கமான பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலோடு ஒரு வரைபடமும் கொடுத்தேன். களை எடுத்த இடங்கள், எடுத்த மாதம், பறவை உட்காரும் மரங்கள், ஒவ்வொரு ஓடையிலும் எந்த இடம் வரை மேலிருந்து சுத்தமாகியிருக்கிறது, எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர்கள் வேலை செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அவரும் அதில் தொடர்ந்து எழுதிவருகிறார். போன மழையில் கார்குடிப் பக்கம் பட்டை உரித்த மஞ்சக்கொன்னைகளுக்கு அடியில் நாற்று எடுக்க ஆவணியிலேயே ஆள் இறக்கினாராம். பக்கத்துச் சரகத்தில் பணம் வராததால் வேலை மாசிக்குத் தள்ளிப்போனதாம். இரண்டு இடத்தையும் அடுத்த ஆடி மழைக்குப் பிறகு ஒரே நாளில் சுற்றிப் பார்த்து, நாற்றை எண்ணி, அந்த எண்ணிக்கையோடு மேலே எழுதச் சொல்லியிருக்கிறேன். எண்ணுவதற்கு அந்தப் பெட்டக்குறும்பர் அம்மாவின் மகள் வருகிறார்.